போர்டில் இருப்பது எந்தச் சிப்? கேட்க வேண்டிய இடத்தில் கேட்போம்

எங்கள் பாலிடெக்னிக் லேபில், பீரோவின் கீழ்த்தட்டில் ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. ப்ராஜெக்ட் முடித்த மாணவர்கள் விட்டுவிட்டுப் போன சர்க்யூட் போர்டுகள் எல்லாம் அதற்குள்தான். போன மாதம் கொட்டி எண்ணினேன், 43 இருந்தன. பாதிக்கு மேல் பெயரே இல்லை. சிலவற்றில் பெயர் உண்டு, ஆனால் அது போர்டின் பெயர். சிலவற்றில் சிப்பின் மேலேயே பெயர் உண்டு, ஆனால் அது பொய்.

18 வருடமாக லேப் இன்ஸ்ட்ரக்டராக இருக்கிறேன். "மேடம், போர்டு செத்துப்போச்சு" என்று கொண்டுவரப்படும் போர்டுகளில் பெரும்பாலானவை நன்றாகத்தான் இருக்கும். ப்ரோகிராம் ஏற்றும் மென்பொருளின் மெனுவில் ஒரு சிப்பைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள், போர்டில் வேறொன்று உட்கார்ந்திருக்கும். அவ்வளவுதான் விஷயம். அதனால் புதுப் போர்டு எது வந்தாலும் முதல் வேலை அதன் சிப் எது என்று பார்ப்பதுதான்.

பார்ப்பதற்குப் பல வழி உண்டு. எந்த வழியில் போனாலும் ஒரு கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்தப் பதிலைச் சொல்வது யார்? அட்டையில் ஒட்டிய ஸ்டிக்கரா, பக்கத்தில் இருக்கும் இன்னொரு சிப்பா, உள்ளே யாரோ ஏற்றி வைத்த ப்ரோகிராமா, இல்லை அந்தச் சிப்பே சொல்கிறதா? திரையில் ஆங்கில எழுத்தில் வருவதை இங்கே உச்சரிப்பாக எழுதியிருக்கிறேன், ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் கண். நாலு பக்கமும் கால் வைத்த பெரிய சதுரச் சிப்தான் பெரும்பாலும் மெயின் சிப். யூஎஸ்பி சாக்கெட்டுக்கு ஒட்டினாற்போல் இருக்கும் சின்னது வேறு வேலைக்காரர், அவரிடம் பிறகு வருவோம். மாணவர்கள் பழகும் ஆர்டுயினோ ஊனோ ஆர்3 போர்டின் ஒரிஜினலில் இந்த இடத்தில்தான் பிள்ளைகள் குழம்புவார்கள். யூஎஸ்பி பக்கம் இருக்கும் சதுரச் சிப் ஏடிமெகா16யூ2. அது கம்ப்யூட்டரோடு பேசுவதற்கு மட்டும். மெயின் சிப் 28 கால் வைத்த நீளமான ஏடிமெகா328பி, சாக்கெட்டில் செருகியிருக்கும்.

எழுத்து தெரியவில்லை என்றால் லென்ஸ் தேடி ஓட வேண்டாம். அறை விளக்கை அணைத்துவிட்டு, போன் டார்ச்சைச் சிப்புக்குச் சமமாகப் பக்கவாட்டில் படுக்கவைத்துப் பிடியுங்கள். நேராக அடித்தால் தெரியாத எழுத்து சாய்ந்த வெளிச்சத்தில் எழுந்து நிற்கும். அதற்கும் மசியவில்லையா, சாக்பீஸை மேலே லேசாகத் தேய்த்து விரலால் துடைத்துவிடுங்கள். பள்ளத்தில் மட்டும் மாவு தங்கும். அப்புறம் போனில் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் போதும்.

படிக்கும்போது எழுத்துக்கு ஒரு பொருள் உண்டு என்பதை மறக்காதீர்கள். எஸ்டி நிறுவனத்தின் சிப் ஒன்றில் எஸ்டிஎம்32எஃப்103சி8டி6 என்று இருக்கிறது என்று வையுங்கள். 103 என்பது வரிசை. சி என்றால் 48 கால், 8 என்றால் 64 கேபி ஃப்ளாஷ் (ப்ரோகிராம் தங்கும் நினைவகம்), டி என்றால் தட்டையான நாற்புற உறை, கடைசி 6 என்றால் மைனஸ் 40 முதல் 85 டிகிரி வரை தாங்கும். 8 இருக்கும் இடத்தில் பி இருந்தால் 128 கேபி. ஒரே ஒரு எழுத்தைத் தப்பாகப் படித்தாலும் கணக்கு மாறிவிடும்.

இன்னொன்று. சிப்பின் மேல்பரப்பில் ஒரே திசையில் மெல்லிய கீறல்கள் வரிவரியாகத் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். பழைய எழுத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டுப் புதிதாக எழுதியிருக்கலாம்.

அடுத்தது யூஎஸ்பி கேபிளைச் செருகுவது. விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, போர்ட்ஸ் என்பதன் கீழ் வரும் பெயரில் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்டீஸ், டீடெய்ல்ஸ், ஹார்ட்வேர் ஐடிஸ் என்று போங்கள். விஐடி (தயாரிப்பாளர் எண்), பிஐடி (பொருள் எண்) என்று இரண்டு எண் வரும். லினக்ஸில் எல்எஸ்யூஎஸ்பி என்று அடித்தால் அதே எண்கள். 1ஏ86, 7523 என்று வந்தால் சிஎச்340. 0403, 6001 என்றால் எஃப்டி232. 10சி4, ஈஏ60 என்றால் சிபி210எக்ஸ் குடும்பம். மூன்றுமே யூஎஸ்பி சாக்கெட் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்ன வேலைக்காரர்கள்தான், கம்ப்யூட்டரோடு பேசுவதற்கு மட்டும்.

இதைப் பார்த்துவிட்டு "என் போர்டில் இருப்பது சிஎச்340 சிப்" என்று ரெக்கார்டு நோட்டில் எழுதிய பையன்கள் வருடத்துக்கு நாலு பேராவது வருவார்கள். அது வாட்ச்மேன் பெயரை வீட்டுக்காரர் பெயர் என்று எழுதுவது மாதிரி. சிஎச்340க்குப் பின்னால் ஏடிமெகாவும் இருக்கலாம், வைஃபை வைத்த ஈஎஸ்பி32வும் இருக்கலாம். கேள்விக்குப் பதில் சொன்னது வாசலில் நிற்பவர்.

ஆனால் சில சிப்புகள் வாட்ச்மேன் வைத்துக்கொள்ளாமல் தாங்களே வாசலுக்கு வரும். 303ஏ என்று ஆரம்பித்தால் ஈஎஸ்பி32 குடும்பத்தின் புதியவை, எஸ்3, சி3 மாதிரி. 2ஈ8ஏ என்றால் ராஸ்பெரி பை பீக்கோ. 2341, 8036 என்றால் ஆர்டுயினோ லியனார்டோ, உள்ளே ஏடிமெகா32யூ4. 0483, டிஎஃப்11 என்றால் எஸ்டிஎம்32 தன் பூட் நிலையில் உட்கார்ந்திருக்கிறது.

இனி நான் ஏமாந்த கதை. இரண்டாம் வருட மாணவர்களுக்காக ஆன்லைனில் 10 ஆர்டுயினோ நானோ போர்டு வாங்கினோம். எல்லாவற்றிலும் சிப்பின் மேல் ஏடிமெகா328பி என்று பளிச்சென்று எழுதியிருந்தது. 7 போர்டு ஒழுங்காக வேலை செய்தது. 3 போர்டில் ப்ரோகிராம் ஏறவே இல்லை, "நாட் இன் சிங்க்" என்று பத்து முறை திட்டிவிட்டு நின்றுவிடும்.

இந்தத் திட்டு வந்தவுடன் போர்டைத் தூக்கிப் போடாதீர்கள். ஆர்டுயினோ மென்பொருளில் டூல்ஸ், ப்ராசஸர் என்று போனால் நானோவுக்கு மூன்று தேர்வு இருக்கும்: 328பி, 328பி ஓல்டு பூட்லோடர், 168. மூன்றும் மூன்று வேகத்தில் பேசும். முதலாவது 115200, இரண்டாவது 57600, மூன்றாவது 19200. எதிரில் இருப்பவர் மெதுவாகப் பேசும்போது நாம் வேகமாகப் பேசினால் இருவருக்கும் ஒன்றும் புரியாது, அதுதான் அந்தத் திட்டு. ஓல்டு பூட்லோடர் வைத்துப் பார்த்தேன், இல்லை. சும்மா 168 வைத்துப் பார்த்தேன், ஏறிவிட்டது!

விவரமான அவுட்புட்டை ஆன் செய்துவிட்டு மறுபடி ஏற்றினால், டிவைஸ் சிக்னேச்சர் என்று ஒரு வரி வருகிறது: 1ஈ 94 06. ஏடிமெகாக்கள் சேர்ந்த ஏவிஆர் குடும்பத்தில் சிப் ஒவ்வொன்றுக்கும் இப்படி மூன்று பைட் அடையாளம் உண்டு. முதல் பைட் 1ஈ என்றால் அட்மெல் தயாரிப்பு. இரண்டாவது ஃப்ளாஷ் அளவைச் சொல்லும்: 93 என்றால் 8 கேபி, 94 என்றால் 16, 95 என்றால் 32, 98 என்றால் 256. மூன்றாவது, அந்த அளவுக்குள் எந்த மாடல் என்பது. ஏடிமெகா328பி என்றால் 1ஈ 95 0எஃப் வர வேண்டும். 1ஈ 94 06 என்பது ஏடிமெகா168. பாதி ஃப்ளாஷ், பாதி ராம்.

சரி, கண்டுபிடித்தாயிற்று என்று நினைத்தேன். அங்கேதான் இரண்டாவது முறை ஏமாந்தேன்.

யூஎஸ்பி வழியாகக் கேட்கும்போது பதில் சொல்வது சிப் இல்லை, சிப்புக்குள் ஏற்றி வைத்த பூட்லோடர் என்ற சின்ன ப்ரோகிராம். நானோவில் வரும் பூட்லோடர், உள்ளே எட்டிப் பார்த்துச் சொல்வதில்லை. தன்னைக் கம்பைல் செய்தபோது எழுதிக் கொடுத்த மூன்று எண்ணை மனப்பாடமாக ஒப்பிக்கும். வேறு சிப்பில் ஏற்றினாலும் அதையேதான் ஒப்பிக்கும். சிப்பிடமே கேட்க வேண்டும் என்றால் பூட்லோடரைத் தாண்டிப் போக வேண்டும். அதற்கு வழி, போர்டின் முனையில் இருக்கும் 6 பின் ஐஎஸ்பி இணைப்பு.

தனியாக ப்ரோகிராமர் வாங்க வேண்டியதில்லை. நல்ல ஊனோ ஒன்று இருந்தால் போதும். அதில் எக்ஸாம்பிள்ஸ் பட்டியலில் வரும் ஆர்டுயினோஐஎஸ்பி ப்ரோகிராமை ஏற்றுங்கள். ஏற்றிய பிறகு, ஊனோவின் ரீசெட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் ஒரு 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரைச் செருகுங்கள், மைனஸ் கால் கிரவுண்டுக்கு. இதைப் போடாவிட்டால் ஒவ்வொரு முறை கேட்கும்போதும் ஊனோ தானே ரீசெட் ஆகிவிடும்; வேகத்தை 115200 என்று கொடுத்திருந்தால் தன் அடையாளத்தையே சொல்லிவிடும். ஒரு மாணவி அரை மணி நேரம் "எல்லா சிப்பும் 328பிதான் மேடம்" என்று சொல்லிக்கொண்டிருந்தது இதனால்தான். வயரிங் சுலபம்: ஊனோவின் 11, 12, 13 நானோவின் 11, 12, 13க்கு, ஊனோவின் 10 நானோவின் ரீசெட்டுக்கு, 5 வோல்ட்டும் கிரவுண்டும் அதனதனுக்கு. நானோவின் சொந்த யூஎஸ்பி கேபிளைக் கழற்றிவிடுங்கள்.

பிறகு டெர்மினலில் ஏவிஆர்டியூடை, அதாவது ஆர்டுயினோ மென்பொருள் உள்ளுக்குள் பயன்படுத்தும் ஏற்றும் கருவியை, நேரடியாக ஓட்டுங்கள். ப்ரோகிராமர் வகைக்கு எஸ்டிகே500வி1, வேகம் 19200, போர்ட் எண் உங்களுடையது, சிப்புக்கு நீங்கள் எதிர்பார்க்கும் பெயர், கூடவே விவரமாகச் சொல் என்பதற்கான வி. எழுது என்றோ அழி என்றோ எதையும் தராதீர்கள். அடையாளத்தைப் படித்துவிட்டு அது பாட்டுக்குத் திரும்பி வந்துவிடும். நான் 168 என்று கொடுத்துக் கேட்டேன். எதிர்பார்த்தது 1ஈ 94 06, கிடைத்தது 1ஈ 94 0பி என்று பதில் வந்தது. 0பி என்றால் ஏடிமெகா168பி.

ஆக, ஒரே சிப்புக்கு மூன்று பதில். மேலே எழுதியிருந்தது 328பி, பூட்லோடர் சொன்னது 168, சிப் சொன்னது 168பி. கடைசியில் பேசியவர் சொன்னதை எடுத்துக்கொண்டேன். மூன்று போர்டையும் எல்ஈடி மினுக்கும் முதல் வகுப்புக்கு வைத்துக்கொண்டோம், அதற்கு 16 கேபியே அதிகம்.

ஐஎஸ்பியில் பதிலே வரவில்லை என்றால்? வயரை இரண்டு முறை சரிபாருங்கள். அப்படியும் மௌனம் என்றால், மெயின் சிப் பக்கத்தில் 16.000 என்று எழுதிய வெள்ளி நிறக் கிரிஸ்டல் இருக்கிறதா என்று பாருங்கள். கிரிஸ்டலும் இல்லை, ஐஎஸ்பியும் பேசவில்லை என்றால் எல்ஜிடி8எஃப்328பி என்ற சீனச் சிப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆர்டுயினோ ப்ரோகிராம் அதில் ஓடும், 32 மெகாஹெர்ட்ஸ் வரை போகும், மோசமான சிப் இல்லை. ஆனால் அதன் உள்வாசல் வேறு, ஐஎஸ்பி சாவி அதில் நுழையாது.

ஈஎஸ்பி போர்டுகளில் இந்தத் தலைவலி கிடையாது. மேலே தகர மூடி போட்டிருப்பதால் சிப்பைக் கண்ணால் பார்க்க முடியாது, மூடியில் எழுதியிருப்பது மாட்யூலின் பெயர். ஈஎஸ்பி-12எஃப் என்றால் உள்ளே ஈஎஸ்பி8266, வ்ரூம்-32 என்றால் ஈஎஸ்பி32. ஆனால் கேட்டால் பதில் சொல்வது சிப்பின் ராம் அல்ல, ஃப்ளாஷும் அல்ல, தயாரிக்கும்போதே சிலிக்கானில் பொறிக்கப்பட்ட ரோம். யாராலும் மாற்றி எழுத முடியாது. அதனால் இங்கே நம்பலாம்.

ஈஎஸ்பி சிப்போடு பேசும் ஈஎஸ்பிடூல் மென்பொருளை நிறுவி சிப்-ஐடி கட்டளையைக் கொடுத்தால், எந்தச் சிப், எத்தனையாவது ரிவிஷன், மேக் அட்ரஸ் எல்லாம் வரும். ஃப்ளாஷ்-ஐடி கொடுத்தால் ஃப்ளாஷ் அளவும் வரும். 16 எம்பி என்று காசு வாங்கிவிட்டு 4 எம்பி கொடுத்திருக்கிறார்களா என்பதை இங்கேயே பார்த்துவிடலாம். இணைய மறுத்தால் பூட் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஈஎன் பட்டனைத் தட்டுங்கள்.

ஒன்றும் நிறுவ முடியாத கம்ப்யூட்டரா? சீரியல் மானிட்டரை 115200இல் திறந்து வைத்து ரீசெட்டை ஒரு தட்டு தட்டுங்கள். ஈஎஸ்பி32 என்றால் முதல் வரியில் "ஈடிஎஸ் ஜூன் 8 2016" என்றோ, புதிய ரிவிஷனில் "ஈடிஎஸ் ஜூலை 29 2019" என்றோ வரும். எஸ்3, சி3 என்றால் "ஈஎஸ்பி-ரோம்" என்று ஆரம்பித்துச் சிப்பின் பெயரையே சொல்லிவிடும். குப்பை எழுத்தாகக் கொட்டினால் வேகத்தை 74880க்கு மாற்றிப் பாருங்கள். அங்கே "ஈடிஎஸ் ஜனவரி 8 2013" என்று தெளிந்தால் அது ஈஎஸ்பி8266. அந்த விசித்திரமான வேகத்துக்குக் காரணம் போர்டில் இருக்கும் 26 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல்.

பீக்கோ இன்னும் எளிது. பூட்செல் பட்டனை அழுத்திக்கொண்டே கேபிளைச் செருகினால் பென்டிரைவ் போல ஒரு டிரைவ் வரும். ஆர்பிஐ-ஆர்பி2 என்றால் ஆர்பி2040, ஆர்பி2350 என்று வந்தால் பீக்கோ 2. முடிந்தது.

ப்ளூ பில் என்று நீல நிறத்தில் மலிவாக வரும் எஸ்டிஎம்32 போர்டுதான் பெரிய மாயக்காரன். சிப்பின் மேல் எஸ்டி லோகோவோடு எல்லாம் சரியாக இருக்கும். சிப்போடு நேராகப் பேசும் எஸ்டி-லிங்க் குச்சியை வாங்கி, எஸ்டபிள்யூடிஐஓ, எஸ்டபிள்யூசிஎல்கே, கிரவுண்ட், 3.3 வோல்ட் நாலையும் இணைத்து ஓப்பன்ஓசிடி மென்பொருளை ஓட்டுங்கள். அசல் எஸ்டிஎம்32எஃப்103 தன் ஐடிகோட் என்ற அடையாள எண்ணை 1பிஏ01477 என்று சொல்லும். 2பிஏ01477 என்று வந்து, எதிர்பார்த்தது வேறு என்று ஓப்பன்ஓசிடி முறைத்தால், லோகோ எதுவானாலும் உள்ளே இருப்பது வேறு நிறுவனத்தின் இணைச் சிப். "மேல எஸ்டின்னுதானே மேடம் போட்டிருக்கு?" என்று ஒரு பையன் கேட்டான். "டி-ஷர்ட்ல கூடத்தான் தோனின்னு போட்டிருக்கு" என்றேன். எதிர்ப்பக்கமும் சொல்லிவிடுகிறேன்: 1பிஏ என்று வந்துவிட்டாலே நூற்றுக்கு நூறு அசல் என்று அர்த்தமில்லை, சில இணைச் சிப்புகள் இதையும் சொல்லும். 2பிஏ வந்தால் மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லை. அந்தச் சிப்பும் பெரும்பாலும் ஓடும், எதிர்பார்க்கும் எண்ணை மாற்றிக்கொடுத்தால் ப்ரோகிராம் ஏறும்.

ராஸ்பெரி பை என்ற குட்டிக் கம்ப்யூட்டரில் பதில் சொல்வது லினக்ஸ் கெர்னல். ப்ராக் அடைவில் இருக்கும் சிபியூஇன்ஃபோ கோப்பைத் திறந்தால், பல வருடம் எல்லா மாடலிலும் ஹார்ட்வேர் என்ற வரியில் பிசிஎம்2835 என்ற சிப் பெயரே வந்துகொண்டிருந்தது, பை 4 ஆக இருந்தாலும் சரி. அந்த வரியை விட்டுவிடுங்கள். அதன் அருகில் ரிவிஷன் என்று வருவதைப் பாருங்கள், அதில் வலமிருந்து நாலாவது இலக்கம்தான் சிப். 0 என்றால் 2835, 1 என்றால் 2836, 2 என்றால் 2837, 3 என்றால் 2711, 4 என்றால் 2712. சி03111 என்று வந்தால் நாலாவது இலக்கம் 3, அதாவது 2711, பை 4. பை 2பியில் இது உதவும்: ஏ01041 என்றால் 2836, ஏ22042 என்றால் 2837. போர்டின் பெயர் ஒன்றுதான், சிப் இரண்டு. முதல் தலைமுறைப் பையில் கண்ணையும் நம்ப முடியாது. அதில் மெமரி சிப்பை ப்ராசஸரின் முதுகில் ஏற்றி வைத்திருக்கிறார்கள், மேலே தெரியும் சாம்சங் என்ற எழுத்து மெமரியுடையது.

லேப்டாப்பையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வீட்டுக்கு வருபவர்கள் கேட்பது அதைத்தான். பக்கத்து வீட்டு அண்ணன் ஐ7 ஸ்டிக்கர் ஒட்டிய பழைய லேப்டாப்பைக் காட்டி, "வாங்கலாமாம்மா, ஐ5ஐ விட இது ஒசத்திதானே?" என்றார். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, பெர்ஃபார்மன்ஸில் சிபியூவைப் பார்த்தோம். ஐ7-4600யூ. கோடுக்குப் பிறகு வரும் 4 என்றால் நாலாம் தலைமுறை, கோர் இரண்டே இரண்டு. 2017இல் வந்த ஐ5-8250யூவில் கோர் நாலு, விண்டோஸ் 11க்கும் தகுதி உண்டு. ஸ்டிக்கரில் ஐ7 என்பதற்கு அதற்கு மேல் ஒரு மதிப்பும் இல்லை.

ஏஎம்டியின் 7000 வரிசை லேப்டாப் சிப்புகளில் எண்ணை வேறு மாதிரி படிக்க வேண்டும். ரைசன் 5 7520யூ என்பதில் முதல் 7, மாடல் ஆண்டு 2023 என்பதைத்தான் சொல்கிறது. சிப்பின் உள்கட்டமைப்பைச் சொல்வது மூன்றாவது இலக்கம்: 2 என்றால் ஜென் 2, பழையது. 7530யூவில் அது 3, ஜென் 3. 10 எண்தான் வித்தியாசம், உள்ளே ஒரு தலைமுறை.

செட்டிங்ஸ் பக்கத்தில் வரும் பெயர் ரெஜிஸ்ட்ரியில் எழுதி வைத்த எழுத்து. கைவைக்கத் தெரிந்தவர் மாற்றிவிடலாம். அதனால் பழைய லேப்டாப் வாங்கும்போது சிபியூ-இசட் என்ற மென்பொருளை ஒரு பென்டிரைவில் போட்டு எடுத்துப்போங்கள். அது சிபியூஐடி என்ற ப்ராசஸர் கட்டளையால் சிப்பிடமே கேட்கும். 1993இல் பென்டியம் வந்த காலத்திலிருந்து இருக்கும் கட்டளை. இன்டெல் என்றால் "ஜெனுயின்இன்டெல்" என்றும், ஏஎம்டி என்றால் "ஆதென்டிக்ஏஎம்டி" என்றும் ஆங்கிலத்தில் 12 எழுத்தில் பதில் வரும். பெயரோடு நிற்காமல் ஃபேமிலி, மாடல், ஸ்டெப்பிங் எண்களையும் கோர் எண்ணிக்கையையும் குறித்துக்கொண்டு, தயாரிப்பாளர் தளத்தோடு ஒப்பிடுங்கள். லினக்ஸில் எல்எஸ்சிபியூ என்று அடித்தால் இதெல்லாம் ஒரே பக்கத்தில் வந்துவிடும்.

கண்டுபிடித்ததை உடனே போர்டின் பின்பக்கம் பர்மனென்ட் மார்க்கரில் எழுதிவிடுங்கள், யார் சொன்னது என்பதையும் சேர்த்து. எங்கள் டின்னில் இப்போது "168பி, ஐஎஸ்பி", "ஈஎஸ்பி32, ரோம்" என்று வரிசையாக இருக்கிறது. நாலே நாலு போர்டில் மட்டும் "328பி, கண்" என்று எழுதிப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறேன். அந்த நாலுக்கும் ஐஎஸ்பி பின் சால்டர் செய்ய வேண்டும்.